வாளியில் அளந்த மழை

மழை எவ்வளவு பெய்தது என்று நம்மவர் ஒருவரைக் கேட்டால், "அடேயப்பா! கொட்டித் தீர்த்து விட்டது!" என்பார். பக்கத்துத் தெருக்காரரைக் கேட்டால், "எங்கே? நாலு தூறல்!" என்று உதட்டைப் பிதுக்குவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இந்தச் சங்கதியை அமெரிக்காவில் ஓர் ஊர் ஐந்து உயிர்களைக் கொடுத்துத் தெரிந்து கொண்டது.

கொலராடோ மாகாணத்தில், ராக்கி மலையடிவாரத்தில் இருக்கிறது போர்ட் காலின்ஸ். வறண்ட பிரதேசந்தான், வருஷம் முழுவதும் மழையும் பனியுமாகச் சேர்ந்தே சுமார் 15 அங்குலம் பெய்யும். அந்த ஊரின் மேற்குக் கோடியில், 1997ஆம் வருஷம் ஜூலைக் கடைசியில், 31 மணி நேரத்துக்குள் பதினாலரை அங்குலம் பெய்து விட்டது. சில மைல் தள்ளிக் கிழக்கே சாதாரண மழைதான். அங்கே இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

ஸ்பிரிங் கிரீக் என்பது ஊருக்குள் ஓடும் ஒரு சிற்றோடை. பரம சாது. ஜூலை 28ஆம் தேதி இரவு அதன் வெள்ளம் ரயில்பாதைக் கரையின் பின்னால் ஏரி போலத் தேங்கி, பிறகு கரையை மீறிக் கொண்டு பாய்ந்தது. கரைக்கு அப்பால் இருந்தவை, வண்டியில் இழுத்து வந்து நிறுத்தும் இலேசான வீடுகள். ஐந்து பெண்கள் மாண்டு போனார்கள். சர்வகலாசாலைப் புத்தகசாலையின் நிலவறையில் லட்சக்கணக்கான புத்தகங்கள் தண்ணீரில் ஊறின.

ஊருக்கு ஒன்றிரண்டு மழைமானிகள் இருந்தால் இப்படிப்பட்ட மழையைக் கண்டுகொள்ள முடியாது. சர்வகலாசாலையில் தட்பவெப்ப ஆராய்ச்சி செய்த நோலன் டோஸ்கென் என்பவர் ஜனங்களிடமே போனார். "உங்கள் வீட்டில் மழைமானி உண்டா? இல்லையென்றால் வெளியே வாளி ஏதாவது இருந்ததா? அதில் எவ்வளவு தண்ணீர் நின்றது?" என்று விசாரித்தார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்து குவிந்தன. அவற்றைக் கொண்டுதான் அந்த மழையின் படமே தீட்டப்பட்டது. மறு வருஷம், 1998இல், தொண்டர்கள் வீட்டுத் தோட்டங்களில் மழையளக்கும் சங்கம் பிறந்தது. இன்று அது அந்தத் தேசம் முழுவதும் பரவியிருக்கிறது.

யோசனை புதிது என்று எண்ண வேண்டாம். 1860இல் லண்டனில் ஜார்ஜ் சைமன்ஸ் என்ற இளைஞர் இதையே தொடங்கினார். முதல் அறிக்கையில் 168 இடங்கள். அவர் 1900இல் இறந்தபோது மூவாயிரத்துக்கும் மேல். பாதிரிமார், டாக்டர்கள், பிரபுக்கள், சீமாட்டிகள் எல்லோரும் காலையில் குழாயை ஏந்திக்கொண்டு தோட்டத்தில் நின்றார்கள்.

இப்போது தானே எண்ணிச் சொல்லும் யந்திரங்களும் வந்துவிட்டன. உள்ளே ஏற்றப் பலகை மாதிரி இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிரம்பிச் சாய்ந்தால் மற்றது நிமிரும். பேய்மழையில், அது சாயும் நேரத்திற்குள் விழுகிற தண்ணீர் சரியாகக் கணக்கில் ஏறுவதில்லை. எந்த மழையை முக்கியமாக அளக்க வேண்டுமோ, அதில்தான் குறைத்துச் சொல்லும்! ஆகையால் கொலராடோக்காரர்கள் நாலு அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் குழாயை விடவில்லை. உள் குழாய் ஓர் அங்குல மழையைக் கொள்ளும். மிகுந்தது வெளிக் குழாயில் வழியும். 2013 செப்டம்பரில் பக்கத்துப் போல்டர் நகரில் ஒரே நாளில் 9 அங்குலம் கொட்டியது. அத்தகைய மழையில் உள் குழாயை ஒன்பது தடவை நிரப்பி, எண்ணி, ஊற்றிவிட்டுத்தான் காலைக் காப்பிக்குப் போக வேண்டும்.