கயிறு, கல்லு, பூ

போன வருடம் தை மாதத்திலிருந்து என் மகன் காலையில் வயிற்றுக்குத்து என்று சொல்லி பள்ளிக்கூடம் போகாமல் நிற்கத் தொடங்கினான். பன்னிரண்டு வயது. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், ஸ்கான் செய்தார். ஒன்றுமில்லை. பிறகு பிள்ளைகளுக்கான உளச்சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா சொன்ன முதல் விடயம், "பிள்ளையை மட்டும் கூட்டிவர வேண்டாம், வீட்டில் உள்ள எல்லோரும் வாருங்கள்".

எனக்குப் பிடிக்கவில்லை. றெஸ்ரோறண்டில் லீவு கேட்பது லேசில்லை. அதோடு "விசர் டொக்டரிட்டப் போயினமாம்" என்று சனம் கதைக்குமே என்ற வெட்கம் வேறு...

போனால், அவர் நிலத்தில் ஒரு கயிற்றை விரித்தார். ஒரு நுனி பிறப்பு. மற்ற நுனி சுருட்டியபடி இருக்கும், அது இனி வரப்போகிற காலம். சந்தோசத்துக்குப் பூ, துக்கத்துக்குக் கல்லு. இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன்.

மகன் நாலைந்து பூ வைத்தான். பிறகு கூடையில் இருந்ததிலேயே பெரிய கல்லைத் தூக்கி வைத்தான்.

"அது சில்வெஸ்ரர் இரவு. நான் வெடி கொளுத்தக் கேட்டனான். அப்பா கத்திப்போட்டு பாத்றூமுக்குள்ள போய் லைற்றை நூத்துப்போட்டு இருந்தவர். அப்பாக்கு என்னைப் பிடிக்காது எண்டு விளங்கிச்சுது."

மனிசி என்னைப் பார்த்தா. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கயிற்றின் சரித்திரத்தைத் தேடி வாசித்தேன். இது இங்கே தெற்கே, கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. மகி ஷவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் என்ற மூன்று உளவியலாளர்கள் உருவாக்கினார்கள். சிலி நாட்டில் பினோசே ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்கள் தங்கள் கதையைச் சாட்சியமாகச் சொல்லி எழுதிய முறை அதற்கு ஒரு வேர். உகண்டாவில் இருந்த சூடான் அகதிகளிடம் செய்து பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் சொல்வது இதுதான். பயங்கரமான ஞாபகம் திகதியும் இடமும் இல்லாமல் தலைக்குள் கிடக்கும். அதனால் வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு அதை இன்றைய ஷெல் என்றே எடுத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து ஒழுங்காகக் கதையைச் சொல்லி, கேட்பவர் அதை எழுதி, அடுத்தமுறை திரும்ப வாசித்துக் காட்டக் காட்ட, அந்த ஞாபகம் தனக்குரிய வருடத்தில் போய் இருந்துவிடும். உண்மையில் இது தனி ஆளுக்கான சிகிச்சை. எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது அதிலிருந்த கயிறு மட்டும்தான்.

என்னை உலுக்கியது வேறொன்று. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட வடகிழக்கிலேயே, ஒரு தற்காலிக முகாமில், 31 பிள்ளைகளிடம் இதைச் செய்திருக்கிறார்கள். போரையும் கடலையும் சேர்த்துக் கண்ட பிள்ளைகள். கதை சொல்லவைத்தது ஊரிலேயே பயிற்றப்பட்ட உளவளத்துணையாளர்கள். ஆறு அமர்வுகள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் கதை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2009இல் வெளியான ஆய்வின்படி இரண்டு பகுதியிலும் பெரும்பாலானவர்கள் தேறியிருந்தார்கள்.

வெள்ளைக்காரன் வந்துதான் இதெல்லாம் சொல்லித்தந்தான் என்று நினைக்க வேண்டாம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் "மண் சுமந்த மேனியர்" 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. பிறகு "அன்னை இட்ட தீ" போரில் நொந்த மனங்களையே நாடகமாக்கியது. க. சிதம்பரநாதன் அரங்கை ஆற்றுப்படுத்தலுக்குப் பயன்படுத்தினார். பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கள் சமூகத்தில் காயப்படுவது தனி ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும்தான் என்று எழுதினார். மட்டக்களப்பில் 1996இல் கனடிய ஓவியர் போல் ஹோகனும் யேசுசபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் மற்றவர்களும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள்.

கம்பஸில் படித்த காலத்தில் இப்படியான நாடகங்களுக்குப் போய் பின்வரிசையில் இருந்து பகிடி விட்டவன் நான். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டியதோடு என் படிப்பும் நின்றது.

இரண்டாவது தடவை போனபோது அந்த அம்மா கயிற்றை என்னிடம் தந்தார். ஒரு கல்லை வைத்தேன். 1995 ஒக்ரோபர் 30. எனக்குப் பதினாலு வயது. வலிகாமமே எழும்பி, மழை இருட்டில் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. அம்மம்மா வரமாட்டேன் என்று திண்ணையில் இருந்துவிட்டா. "நீ போ ராசா, நான் ஆட்டைப் பாக்கிறன்" என்றா. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீடு இருந்தது, ஆள் இல்லை.

மகனுக்கு இதெல்லாம் தெரியாது. பிள்ளைக்கு ஏன் பாரம் என்று நாங்கள் சொல்லாமல் விட்டோம். சொல்லாததை அவன் தன் பிழையாக எடுத்துக்கொண்டான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கூடையில் இருந்து ஒரு பூவை எடுத்து என் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான். "இது ஆட்டுக்கு" என்றான். மூன்று பேரும் சிரித்தோம், பிறகு நான் அழுதேன்.

வயிற்றுக்குத்து ஒரே நாளில் போகவில்லை. கோடை விடுமுறை மட்டும் இழுத்தது. எனக்கும் வெடிச்சத்தம் இன்னும் ஒத்துவராது. ஆனால் போன சில்வெஸ்ரருக்கு பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மகன் வந்து யன்னல்களைச் சாத்தினான். பாத்றூமுக்குள் வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

"லைற்றை நூக்காதேங்கோ அப்பா. அம்மம்மான்ர ஆட்டுக்கு என்ன பேர்?"

சொல்லத் தொடங்கினேன். வெளியே வெடி முடிய அரை மணித்தியாலம் ஆனது.