காவிரிப் படுகையில் பள்ளியும் பகற்பொழுதும்

தஞ்சை மாவட்டத்தின் கல்வி வரலாற்றை ஆராய்ந்தோர் பலரும், பள்ளிகள் எத்துணை, அவற்றை நிறுவியோர் யாவர், அவற்றிற் கற்றுப் புகழ்பெற்றோர் யாவர் என்னும் வினாக்களையே முதன்மையாகக் கொண்டனர். இவை வேண்டுவனவே. எனினும், ஓர் ஊரில் பள்ளி இருப்பது வேறு. அவ்வூர்ப் பிள்ளை அப்பள்ளியில் இருப்பது வேறு. நெல் விளையும் நாட்டில் ஏழைப் பிள்ளையின் பகற்பொழுதுக்கு ஒரு விலை உண்டு. மாடு மேய்த்தல், களை பறித்தல், அறுப்புக் களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்குதல், தாய் நடவுக்குச் சென்றபின் கைக்குழந்தையைக் காத்தல் ஆகிய வேலைகளால் அப்பொழுது குடும்பத்துக்குச் சோறாகவோ நெல்லாகவோ திரும்பியது. அவ்விலையை ஈடுசெய்தோர் யாவர், எப்பொழுது, எவ்வளவு என்னும் வினாவைக் கொண்டு இப்பகுதியின் பொதுக்கல்வி வரலாற்றை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும். ஈண்டுத் தஞ்சை மாவட்டம் என்பது, 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாவதற்கு முன்னிருந்த பரப்பைக் குறிக்கும்.

1. உணவும் கல்வியும்: பழைய தொடர்பு

கற்போர்க்கு உணவளித்தல் வேண்டும் என்னும் கருத்து இந்நாட்டிற்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரக் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றது. எண்ணாயிரம் காவிரிப் படுகைக்கு வடக்கே இன்றைய விழுப்புரம் பகுதியில் உள்ளதேனும், சோழர் ஆட்சியில் கல்வி நிலைபெற்ற முறைக்கு அது தக்க சான்றாகும். ஆயின், ஆண்டுப் பயின்றோர் வேதமும் வடமொழி நூல்களும் கற்றோரே ஆவர். நெல் அளக்கப்பட்டது உண்மை; அஃது யார்க்கு அளக்கப்பட்டது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

மராட்டியர் காலத்துச் சத்திரங்கள் இவ்வட்டத்தைச் சிறிது விரித்தன. இரண்டாம் சரபோசி மன்னர் 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு வரைந்த மடலில், சத்திரங்களில் வழிப்போக்கர்க்கு உணவளிக்கப்படுவதோடு, ஆதரவற்ற பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பெற்று, நாள்தோறும் மூன்று வேளை உணவும் பெற்றுக் கற்கின்றனர் என்னும் செய்தி காணப்படுகின்றது. பிள்ளையின் உணவுப் பொறுப்பையும் கல்விப் பொறுப்பையும் ஒருங்கே ஏற்ற அமைப்பு இஃது. ஆயினும், சத்திரம் அறத்தின்பாற்பட்டது. அதனைப் பெற எவர்க்கும் உரிமை இல்லை. அறம் உரிமையாக மாறுதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது.

2. எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822 சூன் 25ஆம் நாள் பிறப்பித்த ஆணையின்படி மாவட்டந்தோறும் பள்ளிகள் கணக்கிடப்பெற்றன. தஞ்சையிலிருந்து சென்ற கணக்கில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்வி நிலையங்களும் குறிக்கப்பட்டுள்ளன. மாகாணம் முழுவதற்கும் 12,498 கல்வி நிலையங்களும் 1,88,650 மாணவர்களும் இருந்தமையை 1826இல் மன்றோ தம் குறிப்பில் தொகுத்துரைத்தார். இவ்வெண்களைக் கொண்டு பழைய கல்வியைப் போற்றுவாரும் உளர், குறைகூறுவாரும் உளர். நாம் கருதற்பாலது வேறொன்று. அக்கணக்கின் பத்திகள் பள்ளிக்கு வந்தோரைச் சாதி வகையாற் பிரித்துக் காட்டின. வாராதோர்க்கு அவற்றில் பத்தி இல்லை. அதே கணக்கெடுப்பின்போது பல்லாரி ஆட்சித்தலைவர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை மட்டும், பிள்ளையின் கைகால்கள் சிறிது வேலைக்கு உதவத் தொடங்கிய உடனே ஏழைப் பெற்றோர் அவனைப் பள்ளியினின்றும் நிறுத்திவிட நேர்கின்றது என்னும் உண்மையை வெளிப்படக் கூறிற்று. நம் வினாவுக்கு அரசு ஆவணங்களிற் கிடைக்கும் தொன்மையான விடைகளுள் இஃதொன்று எனலாம்.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளியின் இயல்பை உத்தமதானபுரத்தைச் சேர்ந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ வாயிலாக நன்கறியலாம். மணலில் எழுத்துப் பயின்று, ஓலைக்கு மாறி, ஆத்திசூடி முதலிய நீதிநூல்களையும் எண்சுவடியையும் மனப்பாடம் செய்த அப்பள்ளியின் முறை பலரும் அறிந்ததே. அப்பள்ளி விடியலில் தொடங்கி மாலை வரை நிகழ்ந்தது என்பது நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. நாள் முழுதும் பிள்ளையை விட்டுக்கொடுக்க இயன்ற வீடுகளுக்கே அப்பள்ளி உரியதாயிற்று. திண்ணையோ ஊருக்குள் இருந்தது. பண்ணையாளின் குடிசையோ ஊருக்குப் புறத்தே இருந்தது. எனவே, பொழுது வாய்ப்பினும் இடம் வாய்க்கவில்லை.

3. புதிய கல்வியும் பழைய பண்ணையும்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலந்தொட்டுச் சமயத் தொண்டர்கள் இப்பகுதியில் பள்ளிகள் நிறுவினர். 1707இலேயே அங்குப் பெண்பிள்ளைகட்குப் பள்ளி தோன்றியது. 1854இல் கும்பகோணத்தில் தொடங்கிய அரசுப் பள்ளி 1867இல் கல்லூரியாக வளர்ந்து, தென்னாட்டுக் கேம்பிரிட்சு எனப் போற்றப்பட்டது. 1880 முதல் 1903 வரை அங்கே தமிழாசிரியராக விளங்கியவர் சாமிநாதையர். அக்கல்லூரியில் 1904இல் சேர்ந்த இராமாநுசன், கணிதம் ஒழிந்த பிற பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்து கல்லூரியை விட்டு நீங்கினார். உலகம் போற்றிய ஒரு கணித மேதைக்கே உதவித்தொகையின் இழப்பு கல்வியின் இழப்பாக முடிந்தது எனின், பெயர் அறியப்படாத பிள்ளைகளின் நிலையை உய்த்துணரலாம்.

ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளிற் சேர்தற்கும், அவர்கள் அணுகவியலாத தெருக்களினின்று பள்ளிகளை மாற்றுதற்கும் அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆணைகள் பிறப்பித்தது. 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளர் துறையும் இம்மக்கட்குத் தனிப் பள்ளிகளை நடத்தியது. இவற்றால் இடத்தடை ஓரளவு தளர்ந்தது. ஆயின், பொழுதுத்தடை வேறு வகையால் இறுகியது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் பாசனம் உறுதிபெற்று, குறுவையும் தாளடியுமாக இருபோகம் விளையும் நிலம் பெருகியது. சூன் மாதத்தில் அணை திறக்கும் காலமும் பள்ளி திறக்கும் காலமும் ஒன்றாயின. பள்ளி ஆண்டின் முதற்பருவம் குறுவை நடவோடும், அதன் இறுதிப்பருவம் சம்பா, தாளடி அறுவடையோடும் மோதின. ஆண்டிறுதித் தேர்வுக்குரிய பாடங்கள் விரையும் தை, மாசித் திங்களிலேதான் களத்தில் நெல் கிடைக்கும். இந்த நாட்காட்டி முரண்பாட்டைப் பாடத்திட்டம் வகுத்தோர் போதிய அளவு கருதினர் எனச் சொல்லுதற்கில்லை.

4. 1952 முதல் 1956 வரை

நம் வினாவுக்குரிய திருப்பம் இந்நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்தது. பண்ணையாள் முறையில் ஆடவன் மட்டுமன்றி மனைவியும் மக்களும் மிராசுதாரின் உழைப்புக்குக் கட்டுண்டிருந்தனர். பண்ணையாளைப் படியாள் என்றும் வழங்குவர். படியால் அளந்து கூலி பெறுபவன் என்பது அதன் பொருள். 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் எழுந்த உழவர் இயக்கத்தின் விளைவாக, 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தந்தையின் பொழுதின்மீது மிராசுதார்க்கிருந்த வரம்பற்ற ஆட்சி அதனால் முதன்முறையாக எல்லைக்குட்பட்டது.

மறு ஆண்டே, 1953இல், இராசாசி அரசு சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தது. உள்ள கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே இரு முறைகளில் மிகுதியான பிள்ளைகளைச் சேர்த்தல் அதன் நோக்கம். அந்நோக்கத்தை முற்றும் புறக்கணித்தல் முறையன்று, பணமின்மை உண்மையே. ஆனால், காவிரிப் படுகையில் வைத்து நோக்கினால் அதன் பொருள் வேறாகின்றது. தச்சன் மகனுக்குத் தந்தையின் பட்டறை உண்டு. பண்ணையாளின் மகனுக்குத் தந்தையின் தொழில் என்பது பிறர் நிலத்து வேலையும் பிறர் மாட்டை மேய்த்தலுமேயாகும். சட்டம் தந்தைக்கு மீட்டளித்த பொழுதின் ஒரு பகுதியைத் திட்டம் மகனிடமிருந்து திரும்பக் கொடுத்தது போலாயிற்று. இங்கிலாந்திலும் ஆலைச் சிறார்க்கு அரைநாள் வேலையும் அரைநாள் பள்ளியும் வகுத்த முறை பல்லாண்டுகள் இருந்து, 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் ஒழிந்தது. அரைநாட் கல்வி வறுமைக்குத் தற்காலிகத் தீர்வெனத் தொடங்கி, வறியோர்க்கே உரிய கல்வியாக நிலைத்துவிடும் என்பதே அவ்வரலாறு உணர்த்துவது. சென்னையிலோ எதிர்ப்பு பெருகி, காமராசர் முதல்வரானபின் 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

முழுநாளும் மீண்டது, அதன் விலையை யார் தருவது என்னும் கேள்வி எஞ்சியது. 1956இல் தொடங்கிய பகலுணவுத் திட்டம் அதற்கு விடையாக அமைந்தது. சென்னை மாநகராட்சி 1920இலேயே ஒரு பள்ளியில் உணவளித்ததாயினும், சிற்றூர்களை நோக்கி விரிந்த முயற்சி இதுவே. ஊரார் நன்கொடையும் அரசின் உதவியும் கூடி நடந்த இதனைக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று செயற்படுத்தினார். மாடு மேய்த்த சிறுவன் ஒருவன், பள்ளிக்கு வந்தால் சோறு யார் தருவார் எனக் காமராசரை வினவினான் என்றொரு செய்தி நாட்டில் வழங்குகின்றது. அது நிகழ்ந்தவாறு எத்தன்மையதாயினும், மக்கள் நினைவில் அது நிலைத்தமைக்குக் காரணம் தெளிவு. மாடு மேய்த்த சிறுவன் பெற்ற கூலி பெரும்பாலும் உணவே. பள்ளி அவ்வுணவை அளித்தபோது, பண்ணையோடு நேருக்குநேர் நின்று அவன் பொழுதைத் தனக்குரியதாக்கிக் கொண்டது. எனவே பகலுணவைக் கருணை என்பதினும் ஈடு என்பதே பொருந்தும்.

5. உணவு சமைத்த இடம்

ஈடு கிடைத்ததனால் முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. நெற்கூலி உயர்வு குறித்து மூண்ட பகையின் முடிவில், 1968 திசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையொன்றில் எரியுண்டு மாண்டனர். அவருட் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. மறு ஆண்டே தஞ்சைப் பகுதி உழவுத் தொழிலாளர்க்கு நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோரின் கூலி உயர்தல், பிள்ளையின் கூலி வேண்டப்படாமைக்கு முதற்படியாகும். கல்வி வரலாற்றில் கூலிச் சட்டங்கட்கும் இடமுண்டு என்பதை இதனால் அறிக.

1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் பகலுணவை மாநில முழுதும் விரித்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகை பெருகிற்று. ஆயின் அவர்களைத் தாங்கும் கட்டடங்கள் அதற்கேற்ப வளரவில்லை. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் உதவிபெறும் தனியார் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் தீக்கிரையாயினர். பகலுணவு சமைத்த கூரைக் கொட்டகையில் பற்றிய தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. பிள்ளையைப் பள்ளிக்கு ஈர்த்த உணவு, சமைக்கப்பட்ட இடத்தின் குறையால் அப்பிள்ளைக்கே கூற்றாயிற்று. இந்நிகழ்ச்சியை அடுத்துத் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியிற் பயில்வதும் கல்வி உரிமையின் பகுதியே என 2009இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளையின் பகற்பொழுதைப் பெற்றுக்கொள்ளும் அரசு, அப்பொழுதின் காவலையும் ஏற்றாக வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

6. எஞ்சிய வினா

2009ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ளார்க்குக் கட்டணமற்ற கட்டாயக் கல்வியை உரிமையாக்கி, 2010 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகட்குக் காலையுணவளிக்கும் திட்டம் 2022இல் தோன்றி, 2023 ஆகத்து 25ஆம் நாள் பழைய தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளையில் மாநில அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை பண்ணைக்குச் செல்லாமல் பள்ளிக்குச் செல்வது இன்று இயல்பாகிவிட்டது. இது சிறிய மாற்றம் அன்று.

எனினும், ஈட்டின் அமைப்பை வயது வாரியாக நோக்கின் ஒரு குறை புலனாகும். காலையுணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கின்றது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகின்றது. கட்டாயக் கல்வியின் எல்லை பதினான்கு வயது. பிள்ளையின் உழைப்புக்குச் சந்தை தரும் விலையோ வயது ஏறுந்தோறும் ஏறுகின்றது. நடவும் அறுப்பும் பொறிகளின் வசமாகிவரும் இக்காலத்தில், அவ்விலையைத் தருவன வயல்கள் மட்டுமல்ல. தொலைநகர்களின் ஆலைகளும் கட்டட வேலைகளுமாம். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் மூடப்பட்ட பள்ளிகளுள் தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீளத் திறந்தன. அவ்விடைவெளியில் வேலைக்குச் சென்ற பதின்பருவத்தாரைத் திரும்ப அழைக்கப் பாடநூலும் மிதிவண்டியும் மட்டும் போதா.

ஆகவே, இடம், பொழுது, காவல் என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்கிய காலங்களிலேயே காவிரிப் படுகையின் கல்வி முன்னேறியுள்ளது என்பதும், அவற்றுள் பொழுதின் விலையே பெரிதும் மறக்கப்பட்டது என்பதும் இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். 1823இன் கணக்கில் இடம்பெறாத பத்தி ஒன்று இன்றும் நிரப்பப்பட வேண்டியுள்ளது. ஊர்தோறும் உள்ள பழைய பள்ளி வருகைப் பதிவேடுகளை நடவு, அறுவடைக் காலங்களோடு ஒப்பிட்டு ஆராயின், எம்மாதத்தில், எவ்வகுப்பில், எத்தெருவுப் பிள்ளைகள் பள்ளியினின்று நீங்கினர் என்பது தெளிவாகும். பதிவேடுகள் செல்லரிக்குமுன் அப்பணியை முதுகலை மாணவர்கள் மேற்கொள்வார்களாயின், இவ்வரலாறு முழுமை எய்தும். பதின்பருவத்துப் பிள்ளைக்கு எவ்வீடு வேண்டும் என்பதை வகுக்கவும் அது துணைசெய்யும்.