மரவள்ளிக்கிழங்கும் மரத்துப்போன கால்களும்: இபாடான் பல்கலைக்கழக ஆய்வு சொல்லும் பாடம்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், அரிசி கிடைக்காத நாள்களில், மலாயாத் தோட்டங்களில் பல குடும்பங்களின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்கு. நம் மக்களுக்கு அது நெருக்கடிக் கால உணவு. போர் முடிந்ததும் சோறு திரும்பி வந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவின் தென்பகுதியில் நிலைமை வேறு. அங்கே பல ஏழை வீடுகளில் ஆண்டு முழுவதும் மரவள்ளிதான் முக்கிய உணவு. உலகிலேயே மரவள்ளி அதிகம் விளையும் நாடும் நைஜீரியாதான்.

அந்தக் கிழங்கையே நம்பி வாழ்ந்த சில கிராமங்களில், பெரியவர்கள் பலருக்குக் கால் மரத்துப்போனது, நடை தள்ளாடியது, பார்வையும் செவியும் மங்கின. இது ஏன் என்ற கேள்வியை 1960களில் இபாடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் கையில் எடுத்தார்கள். அவர்கள் கண்டறிந்தவையும், பின்னர் அதே பல்கலைக்கழகத்தார் அவற்றை மறுபடி சோதித்துப் பார்த்த விதமும், மரவள்ளி சமைக்கும் எல்லா வீடுகளுக்கும் தெரிய வேண்டியவை.

நைஜீரியாவின் முதல் பல்கலைக்கழகம்

இபாடான், நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்கள் வாழும் பெருநகரம். அங்கே 1948இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. 1962இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இதுவே. அதன் போதனா மருத்துவமனை 1957இல் திறக்கப்பட்டது.

பிரிட்டனில் நரம்பியல் பயிற்சி பெற்று, தாய்நாடு திரும்பி இங்கே பணியாற்றியவர் பேராசிரியர் பெஞ்சமின் ஒலுவகயோடே ஒசுந்தோகுன் (1935-1995). ஆப்பிரிக்காவின் முன்னோடி நரம்பியல் மருத்துவர்களில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. அவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டார்.

இந்த நோய் அப்போது புதிதன்று. மரவள்ளி அதிகம் உண்ட மாணவர்களிடையே பார்வைக் கோளாறு காணப்படுவதை, நைஜீரியாவில் பணிபுரிந்த மூர் என்ற மருத்துவர் 1930களிலேயே எழுதியிருந்தார். ஆனால், காரணம் தெளிவாகவில்லை.

கிழங்குக்குள் இருக்கும் நஞ்சு

மரவள்ளிச் செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள லினமாரின் என்ற பொருளைக் கிழங்கிலும் இலையிலும் சேர்த்து வைக்கிறது. கிழங்கை நறுக்கினாலோ துருவினாலோ, அதன் திசுக்களில் உள்ள ஒரு நொதி லினமாரினோடு கலக்கிறது. அதன் முடிவில் சயனைடு வெளிப்படுகிறது. இனிப்பு வகைக் கிழங்கில் இது குறைவு. கசப்பு வகையில் அதிகம்.

சிறிதளவு சயனைடு உடலுக்குள் போனால் உடல் தானே அதைச் சமாளிக்கும். சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, தயோசயனேட் என்ற தீங்கு குறைந்த பொருளாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதற்குத் தேவையான கந்தகம் மீன், முட்டை, இறைச்சி, பருப்பு போன்ற புரத உணவிலிருந்து வருகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மரவள்ளியில் மாவுச்சத்து நிறைய உண்டு. புரதம் மிகக் குறைவு. வறுமையால் அதை மட்டுமே உண்பவருக்குச் சயனைடும் அதிகம் சேர்கிறது, அதை முறிக்கும் பொருளும் குறைந்துபோகிறது.

இரத்தத்தில் கிடைத்த தடயம்

நைஜீரிய நோயாளிகளின் இரத்தத்தில் தயோசயனேட் அளவு உயர்ந்திருப்பதை கேமரூன் நாட்டு மருத்துவர் மொனெகோசோவும் பிரிட்டிஷ் மருத்துவர் வில்சனும் 1966இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மொனெகோசோ பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க வட்டார இயக்குநராக உயர்ந்தவர்.

1968இல் ஒசுந்தோகுன் இந்தத் தள்ளாட்ட நரம்பு நோயின் அறிகுறிகள், இரத்தப் பரிசோதனை, நரம்புகளின் மின் சோதனை ஆகியவற்றைத் தொகுத்து ஒரு விரிவான கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு மூவரும் சேர்ந்து, நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைக் கிராமங்களுக்கே சென்று ஆராய்ந்த கள ஆய்வை வெளியிட்டார்கள். மரவள்ளிச் சயனைடு மீதான சந்தேகம் வலுத்தது. மருத்துவப் பாடநூல்களிலும் அது இடம்பிடித்தது.

காரணம் கிடைத்துவிட்டதால் மருந்தும் எளிதில் கிடைக்கும் என்று தோன்றலாம். சயனைடை முறிக்கக்கூடிய ஒருவகை பி12 வைட்டமின் ஊசியை இபாடான் குழு நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. அந்தத் தோல்வியையும் அவர்கள் மறைக்காமல் 1970இல் வெளியிட்டார்கள்.

முப்பது ஆண்டுக்குப் பின் அதே ஊரில்

1969இல் நோய் பரவியிருந்ததாகப் பதிவான ஊர்களில் ஒன்று ஒசோசா. ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குப் பிறகு, இபாடான் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஒலுவோலே, சுவீடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அதே ஊரில் வீடு வீடாகச் சோதனை நடத்தினார். 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. நோய் மறையவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு அது இருந்தது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

ஒலுவோலே அடுத்து எழுப்பிய கேள்வி துணிச்சலானது. சயனைடுதான் காரணம் என்றால், நோயுள்ள ஊரில் மக்கள் உடலில் சேரும் சயனைடு, நோயில்லாத ஊரைவிட அதிகமாக இருக்க வேண்டுமே? 2003இல் வெளியான ஆய்வில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. தன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற முடிவையே அவர் கேள்விக்குள்ளாக்கினார். இந்த நோய்க்குச் சயனைடு மட்டுமே காரணம் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை இதனால்தான் வந்தது.

அதற்காகச் சயனைடு குற்றமற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொன்சோ என்ற வேறொரு நோய்க்கும் சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்பு மரவள்ளிக்கும் உள்ள தொடர்பு வலுவாகப் பதிவாகியுள்ளது. அதில் கால்கள் திடீரென விறைத்து, நடக்க முடியாமல் போகும். பெரும்பாலும் பிள்ளைகளும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும் பாதிக்கப்படுகிறார்கள். 1938இல் காங்கோவில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், 1981இல் வறட்சியில் தவித்த மொசாம்பிக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முடமாக்கியது.

பசி அவசரப்படுத்தும்போது

மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் காலங்காலமாகக் கையாளும் முறை நஞ்சை நன்றாகவே நீக்குகிறது. கிழங்கைத் தோலுரித்துத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் வைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். சாறு வடிந்தபின் சலித்து, அகன்ற சட்டியில் வறுப்பார்கள். இதற்குக் காரி என்று பெயர். துருவும்போது நொதி வேலை செய்கிறது. பிழியும்போது நஞ்சு நீரோடு போகிறது. வறுக்கும்போது மிச்சம் ஆவியாகிறது.

பஞ்சமோ போரோ வந்தால், அல்லது சந்தைக்கு அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தால், புளிக்க வைக்கும் நாள்கள் குறைகின்றன. அப்போதுதான் ஆபத்து கூடுகிறது. அனைத்துலக உணவுத் தரக் குறியீடு, மரவள்ளி மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்று வரையறுத்துள்ளது.

நம் அடுப்படிக்கு

எப்போதாவது பலகாரமாகவோ காலை உணவாகவோ மரவள்ளி சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. சில பழக்கங்கள் போதும்:

- கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.
- தடித்த உள்தோலையும் சேர்த்து உரிக்க வேண்டும். தோலில் நஞ்சு அதிகம்.
- சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.
- கசக்கும் கிழங்கை வேகவைத்தாலும் உண்ணக் கூடாது. வேகவைப்பது மட்டும் கசப்பு வகைக்குப் போதாது.
- மரவள்ளியோடு மீன், முட்டை, பருப்பு என ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.
- சாப்பிட்ட சில மணி நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மரவள்ளி சாப்பிட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கிழங்கை விட்டுவிடுங்கள் என்று ஏழைக் கிராமத்தாரிடம் சொல்வது எளிது. அதற்குப் பதிலாக அவர்கள் தட்டில் வைக்க வேறொன்று வேண்டுமே. புளிக்க வைப்பதற்கு நேரமும், கிழங்கோடு சேர்த்துக்கொள்ளக் கொஞ்சம் மீனும் பயறும் அவர்களுக்குக் கிடைத்தால், மரவள்ளி தொடர்ந்து நல்ல உணவாகவே இருக்கும். அந்தத் தள்ளாட்ட நோயின் முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றாலும், நோயாளியின் இரத்தத்தோடு அவருடைய சாப்பாட்டுத் தட்டையும் பார்க்க வேண்டும் என்று இபாடான் மருத்துவர்கள் காட்டிய வழி இன்றும் பயன்படுகிறது.