கொலையுண்டவளின் பெயர்

கதைக்கு மயங்குவது மனித இயல்பு. கொலைக் கதைக்கு மயங்குவதும் அவ்வியல்பின் ஒரு கூறே. தொடர்ந்து கொலை புரியும் ஒருவனையும், அவனைத் தேடிப் பிடிக்கும் ஒரு பெண் துப்பறிவாளரையும் வைத்து எழுதப்படும் நாவல்களைப் புதுமை என்று போற்றுவாரும் உளர். இளைஞரைக் கெடுப்பவை என்று தூற்றுவாரும் உளர். இவ்வகைக் கதை நமக்குப் புதிதன்று என்பதை இரு சாராருமே மறந்துவிடுகின்றனர்.

தமிழிலும் பலமுறை பெயர்க்கப்பட்டுள்ள 'ஆயிரத்தொரு இரவுகள்' எதிலே தொடங்குகிறது? இரவுதோறும் ஒரு கன்னியை மணந்து, விடிந்ததும் அவளைக் கொல்விக்கும் மன்னன் ஷஹ்ரியாரிலே தொடங்குகிறது. முடிசூடியிருந்தான் என்பதற்காக அவனைத் தொடர் கொலைகாரன் என்று அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை. அவனைத் தடுக்கத் தானே முன்வந்தவள் வஸீரின் மகள் ஷஹ்ரஸாத். கொலைகாரன் யாரென்பது ஊரறிந்த செய்தி. ஆகவே அவள் துப்பறிய வேண்டியதில்லாமற் போயிற்று. அடுத்த பெண் சாகாதிருக்க வேண்டும் என்பதே அவள் கவலை.

அந்நூலிலேயே 'மூன்று ஆப்பிள்கள்' என்றொரு கதை உண்டு. திஜ்லா நதியில் வலைவீசிய மீனவனுக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே வெட்டுண்ட பெண்ணின் உடல். மூன்று நாட்களுக்குள் கொலைகாரனைக் கொணர்க, இன்றேல் நீர் தூக்கிலேறுவீர் என்று கலீஃபா ஹாரூன் ரஷீத், வஸீர் ஜஃபருக்கு ஆணையிடுகிறார். ஜஃபரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொன்றவன் அவள் கணவனே. அவனே வந்து ஒப்புக்கொள்கிறான். அவனுடைய வீண் சந்தேகத்துக்குக் காரணமாயிருந்த அடிமை யார் என்பதோ, ஜஃபரின் சிறுமகளிடம் அகப்பட்ட ஓர் ஆப்பிளால் வெளியாகிறது. முடிவு என்ன? அடிமையின் உயிரைக் காக்க ஜஃபர் ஒரு நெடுங்கதை சொல்கிறார். அதன் சுவையில் மகிழ்ந்து கலீஃபா மன்னித்துவிடுகிறார். பெட்டியிலிருந்த பெண்ணுக்குக் கதையில் பெயரே இல்லை. நல்ல கதை ஒன்று கிடைத்ததும் அவள் மறக்கப்பட்டாள்.

கொலைக் கதை படிக்கும் நம் அனைவரையும் நோக்கிய எச்சரிக்கையாகவே இம்முடிவை நாம் கொள்கிறோம். நாமும் அந்தக் கலீஃபாவைப் போலவே நடந்துகொள்கிறோமா என்பதைத் தமிழ் நாவலின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

தமிழின் முதல் துப்பறியும் நூலாகக் கருதப்படுவது பண்டித நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' (1894). 1908-ல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானார். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அப்பாதையை அகலப்படுத்தினர். இவற்றில் துப்பறிபவர் ஆண், காப்பாற்றப்படுபவள் பெண். ஆயினும் வடுவூராரின் 'மேனகா'வில் ஒரு விதிவிலக்கைக் காண்கிறோம். விற்கப்பட்டு நைனா முகம்மதின் மாளிகையில் அடைபடும் மேனகாவைக் காப்பவள் அவனுடைய மனைவி நூர்ஜஹானே. கணவனின் குற்றத்தை வீட்டுக்குள்ளேயே கண்டறிந்து, அறியாப் பெண்ணின் பக்கம் நிற்கிறாள். இக்கதை நாடகமாகி, 1935-ல் திரைப்படமுமாயிற்று. மரக்காயர் ஒருவரைக் கொடியவராக்கியதைக் குறைகூறுவார் கூறட்டும். நூர்ஜஹானின் துணிவையும் உடன் எடைபோடுதல் நியாயம்.

1968-ஆம் ஆண்டு இவ்வகையில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு 'குமுதம்' இதழில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' தொடராக வந்தது. சுனந்தா என்ற பெண்ணின் நாட்குறிப்பு அதில் கதையினூடே ஒலிக்கிறது. அநீதிக்கு ஆளானவளுக்கு ஒரு குரல் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பம்பாயில் ராமன் ராகவன் பிடிபட்டான். நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கிய ஏழைகளே அவனுக்கு இரையானவர்கள். அவன் பெயரைத் தலைப்பில் தாங்கி 2016-ல் இந்தித் திரைப்படமே வந்தது. இறந்தவருள் ஒருவருடைய பெயரையேனும் நம்மால் சொல்ல இயலுமா?

'சிகப்பு ரோஜாக்கள்' (1978), ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய 'மூடுபனி' (1980) ஆகிய படங்களும் இவ்வகையினவே. கொலைகாரனின் பிள்ளைப் பருவத் துயரம் இரண்டிலும் விரிவாகச் சொல்லப்படுகிறது. மடிந்த பெண்களுக்கு அத்தகைய பிள்ளைப் பருவம் ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. எனினும் 'சிகப்பு ரோஜாக்க'ளில் வீட்டின் இரகசியத்தை அறிபவள் அவன் மணமுடித்த சாரதாவே. நூர்ஜஹானின் வரிசையில் இவளையும் சேர்க்கலாம்.

பின்னர் மலிவு விலை மாத நாவல்களின் காலம் வந்தது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா ஆகிய இணைகள் பேருந்து நிலையக் கடைகள்தோறும் தொங்கின. உப்பளங்கள் சூழ்ந்த நம் முத்தையாபுரத்திலும் ஒரு பிரதி பத்துக் கை மாறியது. அக்காலத்து வாசகர் கருத்துகளை நாம் நன்கறிவோம். விறுவிறுப்பு குறையவில்லை என்பார் ஒருவர். கொலைகாரனைப் பத்தாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்பார் மற்றொருவர். பிள்ளைகள் கையில் இது ஆகாது என்பார் பெரியவர். சுசீலாவைப் பற்றிக் கேட்டால், அவளுடைய பனியனில் எழுதப்பட்டிருந்த வாசகங்களையே பலரும் முதலில் நினைவுகூர்வர். அவள் எந்த வழக்கில் எந்த உண்மையைக் கண்டாள் என்பது மறந்துபோயிற்று. முத்தின் ஒளியைப் புகழ்ந்து, மூச்சடக்கிக் குளித்தவனை மறக்கும் பழக்கம் இக்கடற்கரைக்குப் பழையதே.

இங்கிலாந்தில் 1864-ஆம் ஆண்டிலேயே பெண் துப்பறிவாளரைத் தலைவியாக்கிய நூல்கள் வெளிவந்தன. அப்போது லண்டன் காவல்துறையில் பெண் அதிகாரி எவருமில்லர். அங்கே நூல் முந்தியது. இங்கோ 1973-ல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர் என்று தமிழ்நாட்டுப் பெண் காவலர் பணி தொடங்கிவிட்டது. 1976-ல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த திலகவதி எழுத்தாளராகவும் புகழ்பெற்றார். 2005-ல் சாகித்திய அக்காதெமி விருதுபெற்ற அவருடைய 'கல்மரம்' கட்டடத் தொழிலாளரைப் பற்றியது. குற்றங்களை நேரிற் கண்ட ஓர் அதிகாரி, கல்லும் மண்ணும் சுமப்பவரை எழுதத் தேர்ந்தது சிந்திக்கத்தக்கது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் அமைந்தது. கதைகளில் பெண் உதவியாளாக நின்றிருந்த காலத்திலேயே, வாழ்வில் அவள் வழக்குப் பதிவேட்டைக் கையிலெடுத்துவிட்டாள்.

இதன் பொருளை நம் மாவட்டமே 2020-ல் உணர்ந்தது. சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு உயிர்நீத்தனர். அந்நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், அன்றிரவு தாம் கண்டதை நீதித்துறை நடுவர்முன் சாட்சியமாக அளித்தார். கைரேகையும் பூதக்கண்ணாடியும் அங்கே தேவைப்படவில்லை. கூடவே பணிபுரிவோருக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்லும் நெஞ்சுரமே தேவைப்பட்டது.

ஆகவே இத்தகைய நாவல்களைத் தடைசெய்க என்றும் நாம் கூறோம். தலைமேற் கொள்க என்றும் கூறோம். வாசகர்க்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. கதை விறுவிறுப்பாக இருந்ததா, கொலைகாரன் யாரென்று முன்னரே தெரிந்ததா என்று கேட்டபின் இன்னும் ஒன்று கேளுங்கள்: கொலையுண்டவளுக்கு இந்நூலில் பெயர் இருக்கிறதா? அவளுக்கென ஒரு வீடும், அவள் வரவை எதிர்நோக்கிய ஒருவரும் இருக்கின்றனரா? துப்பறிபவர் பெண்ணாயிருப்பதால் மட்டும் ஒரு நூல் உயர்ந்துவிடாது. இறந்தவளுக்காக அவர் பேசும்போதே அது உயர்கிறது. ஷஹ்ரஸாத் ஆயிரத்தொரு இரவுகள் கண்விழித்தது மன்னனை மகிழ்விக்க மட்டுமன்று. அந்நகரத்துப் பெண்கள் அச்சமின்றி உறங்குவதற்காக.