ஒட்டு நாக்கு: சிகிச்சை வந்த வழி

நாக்கின் அடிப்பகுதியை வாயின் தரையோடு இணைக்கும் மடிப்பு பிறவியிலேயே குட்டையாகவோ இறுக்கமாகவோ அமைந்து நாக்கின் அசைவைத் தடுப்பதே ஒட்டு நாக்கு. அழும்போது நாக்கு நுனி நடுவில் குழிந்து இதய வடிவில் தெரியலாம். சில குழந்தைகள் மார்பைச் சரியாகக் கவ்வ முடியாமல் திணறும். தாய்க்குக் காம்பு புண்ணாகும்.

முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ், நாக்கை இடுக்கியால் பிடித்து, அருகிலுள்ள இரத்தக்குழாய்களில் படாமல் சவ்வை அறுக்கச் சொன்னார். அறுத்தபின் நாக்கைப் பல்லுக்கு வெளியே நன்றாக நீட்டியும் பேச்சு வராத ஒருவரைப் பற்றியும் அவரே எழுதினார். அந்த எச்சரிக்கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பிய மருத்துவச்சிகள் விரல் நகத்தைக் கூராக வளர்த்து, பிறந்த குழந்தையின் மடிப்பைக் கிழித்துவிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. அறுவை மருத்துவர்களுக்கோ பள்ளமிட்ட சலாகை. அதன் கைப்பிடித் தகட்டில் ஒரு பிளவு உண்டு. மடிப்பை அதற்குள் செருகி, நாக்கைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிப்பார்கள். அதே பிளவோடு அந்தச் சலாகை இன்றும் கிடைக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் புட்டிப்பால் பரவ, இந்தச் சிகிச்சை ஓய்ந்தது. தாய்ப்பாலுக்கு மதிப்பு கூடியதும் கத்தரிக்கோலும் திரும்பி வந்தது. 1993இல் ஒட்டு நாக்கை மதிப்பிட ஹேசல்பேக்கர் என்பவர் உருவாக்கிய முறை வந்தது. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் 1997இல் 3,934 ஆக இருந்த ஒட்டு நாக்குக் குழந்தைகள் 2012இல் 32,837 ஆனார்கள். நாக்குகள் திடீரென்று ஒட்டிக்கொள்ளவில்லை. தேடிப் பார்ப்பவர்கள்தான் பெருகினார்கள். பிரேசில் 2014இல் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஒட்டு நாக்குச் சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

சான்றுகள் அந்த வேகத்தில் வரவில்லை. 302 குழந்தைகளை உள்ளடக்கிய 5 ஆய்வுகளை 2017இல் அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, தாயின் காம்பு வலி சில நாட்களுக்குக் குறைவதைக் கண்டது. குழந்தை பால் குடிப்பது மேம்படுகிறதா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2019இல் நியூசிலாந்தின் நிக்கி மில்ஸ் குழுவினர், மடிப்பு தனியான நாண் அல்ல, வாய்த்தரையின் இணைப்புத்திசு நாக்கு உயரும்போது எழும்பும் மடிப்பே என்று காட்டினர். அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகத்தின் 2024 அறிக்கைப்படி, ஒட்டு நாக்கின் அடையாளங்கள் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானோருக்கே பால் குடிப்பதில் சிரமம். எனவே பால் கொடுக்கும் நிலையைத் திருத்துவதும் பாலூட்டல் ஆலோசகரின் உதவியும் முதலில் வருகின்றன. பிறகும் தேவைப்பட்டால் கத்தரிப்பு. சில சொட்டு இரத்தம் வரும், உடனே பால் கொடுக்கலாம்.

வளர்ந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். பேச்சுத் தாமதத்துக்கு ஒட்டு நாக்கைக் காரணமாக்குவது தவறு. உச்சரிப்பில் சிக்கல் இருந்தால் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் பார்க்கவேண்டும்.