குன்றின் உச்சியை அளந்தவர்கள்: முப்படிச் சமன்பாட்டின் வரலாறு

இயற்கணிதத்தை உலகுக்கு அளித்தவர்கள் முஸ்லிம்கள் என்று மேடைதோறும் பெருமையுடன் கூறுகிறோம். அவர்கள் அளித்தது யாது என்று நம் பிள்ளைகள் வினவினால், ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லோடு நம் விடை முடிந்துவிடுகிறது. அச்சொல்லுக்குப் பின்னே ஏறத்தாழ நானூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது.

கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தமது நூலை அன்றாடத் தேவைகளுக்காகவே எழுதினார். வாரிசுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கு அது பயன்படும் என்பது அவரது நோக்கம். நூலின் கணிசமான பகுதி மரண சாசனம், பாகப்பிரிவினை பற்றிய கணக்குகளே. அதில் அவர் ஒருபடி, இருபடிச் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துத் தீர்வு கண்டார்.

அடுத்த படி கடினமானது. ஓர் எண்ணின் கனம் இடம்பெறும் முப்படிச் சமன்பாட்டுக்குப் பொதுவான வழி எவரிடமும் இல்லை. நைஷாப்பூரில் பிறந்த உமர் கய்யாம் (1048–1131), சமர்கந்தில் தலைமைக் காழியின் ஆதரவில் எழுதிய நூலில் இதனை எடுத்துக்கொண்டார். பரவளையம், வட்டம், அதிபரவளையம் போன்ற இரு வளைவுகளை வரைந்து, அவை வெட்டும் புள்ளியிலிருந்து விடையைக் கோட்டின் நீளமாகப் பெற்றார். இவ்வாறு தீர்க்க வேண்டியவை 14 வகை. எனினும், விடையை எண்ணாகத் தரும் சூத்திரம் தமக்குக் கிட்டவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதி, பின்வருவோர் அதனைக் காணக்கூடும் என நம்பிக்கை தெரிவித்தார். அச்சூத்திரம் இத்தாலியில் கண்டறியப்பட்டு, 1545இல் கார்டானோவின் நூலில் வெளிவந்தது.

கய்யாமுக்குப் பின் வந்தவர் ஷரஃபுத்தீன் அத்தூஸி. வானியலறிஞர் நஸீருத்தீன் அத்தூஸி வேறொருவர். திமிஷ்க், ஹலப், மோசுல் நகரங்களில் கற்பித்த ஷரஃபுத்தீன், சமன்பாட்டுக்கு விடை உண்டா என்பதையே முதலில் ஆராய்ந்தார்.

ஓர் உதாரணத்தால் இதனை விளங்கிக்கொள்ளலாம். ஓர் எண்ணின் வர்க்கத்தை, 6இலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் வரும் மீதியால் பெருக்குங்கள். எண் 1 எனில் 5 கிடைக்கும். 2 எனில் 16. 3 எனில் 27. 4 எனில் 32. 5 எனில் 25. 6 எனில் 0. மதிப்பு ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்குகிறது. இவ்வகையில் உச்சி எப்போதும் மூன்றில் இரு பங்கில் அமையும் என்று அத்தூஸி நிறுவினார். 6இல் மூன்றில் இரு பங்கு 4 அன்றோ! ஆகவே, பெருக்கற்பலன் 32 ஆக வேண்டுமெனில் ஒரே விடை. பூச்சியத்துக்கும் 32க்கும் இடைப்பட்டதெனில் இரு விடைகள். 32ஐ விஞ்சினால் நேர்ம எண்களில் விடையே இல்லை.

மேல்நிலை வகுப்பில் நம் பிள்ளைகள் வரையும் பல்லுறுப்புச் சார்பின் வரைபடம் காட்டுவதும் இதுவே. வளைவு குன்றுபோல் எழுந்து இறங்குகிறது. கிடைக்கோடு ஒன்று அதனை எத்தனை இடங்களில் வெட்டுகிறதோ, அத்தனை விடைகள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அத்தூஸி அச்சுகள் வரைந்த வரைபடத்தைப் பயன்படுத்தவில்லை. சமன்பாட்டை வளைவோடு இணைக்கும் முறை, டெக்கார்த் 1637இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே பரவியது. நுண்கணிதம் முழுவதையும் நம்மவர்களே கண்டுபிடித்தார்கள் என்று பகர்வது அறிவு அமானிதத்துக்கு ஒவ்வாது. அறியாததை அறியேன் என்று எழுதிய கய்யாமின் வழித்தோன்றல்களுக்கு அது அழகும் அன்று.

அவ்வறிஞர்களின் பெயர்களை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடாமல், கட்டத்தாளில் மேற்கண்ட மதிப்புகளைப் பிள்ளைகளைக் கொண்டே குறிக்கச் செய்யுங்கள். குன்றின் உச்சி 4இன் மேல் நிற்பதை அவர்கள் தம் கண்ணால் காணட்டும். இந்த மரபு பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்வது அவ்வாறே.