அங்காடியின் வாயில்: ஏகபோகமும் சட்டமும்

வாணிகம் போட்டியால் வளரும் என்பர் பொருளியல் அறிஞர். ஆயின் போட்டியில் வென்றவன் பிறர் நுழையாவண்ணம் அங்காடியின் வாயிலை அடைத்துவிடின், அரசு செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட விடையினை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

ஜோன் டி. றொக்பெல்லரும் அவர்தம் கூட்டாளிகளும் 1870 ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில் ஸ்ரான்டட் ஒயில் கம்பனியை நிறுவினர். செலவைச் சுருக்கும் திறன் அக்கம்பனிக்கு இருந்தமை மறுத்தற்கரியது. மண்ணெண்ணெயின் விலையும் குறைந்தது. எனினும் திறன் ஒன்றே அதன் ஏற்றத்துக்குக் காரணமன்று. பிறர்க்குக் கிட்டாத கட்டணக் கழிவுகளை அது புகையிரதக் கம்பனிகளிடமிருந்து மறைவாகப் பெற்றது. முழுக் கட்டணம் செலுத்திய சிறு சுத்திகரிப்பாளர் பலர் தம் ஆலைகளை அதற்கே விற்றனர். 1880 அளவில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு அதன் கைப்பட்டது.

வாணிகத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கைகளையும் ஏகபோக முயற்சியையும் குற்றமாக்கிய சேர்மன் சட்டம் 1890 இல் பிறந்தது. ஆயினும் அங்காடி உடனே திறக்கவில்லை. கம்பனி தன் நம்பிக்கைப்பொறுப்பு அமைப்பினின்றும் விலக வேண்டுமென ஒகையோ நீதிமன்றம் 1892 இல் தீர்த்தது. 1899 இலோ நியூ ஜேர்சி மாநிலச் சட்டத்தின் நிழலில் அது புதுவடிவம் கொண்டது. ஈற்றில் 1911 ஆம் ஆண்டில், அதனை 34 கம்பனிகளாகப் பிரிக்கும் கட்டளையை நாட்டின் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. நியாயமற்ற வகையில் வாணிகத்தைத் தடுத்தலே குற்றம் என்னும் விதியும் அத்தீர்ப்பில் நிலைபெற்றது. பழைய பங்குதாரரே புதிய கம்பனிகளின் பங்குகளையும் பெற்றமையால், பங்குவிலை ஏற ஏற றொக்பெல்லரின் செல்வமும் பெருகியது.

ஒரு நூற்றாண்டின் பின் அதே சட்டம் வேறோர் அங்காடியை நோக்கியது. கூகிள் நிறுவனம் இணையத் தேடலில் சட்டத்துக்கு மாறாக ஏகபோகத்தைப் பேணியதென வாஷிங்டன் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்த்தது. தன் தேடற்பொறியையே முதற்கண் வைக்கும் பொருட்டு அந்நிறுவனம் பிறர்க்கு 2021 இல் மட்டும் 2,600 கோடி டொலருக்கு மேல் வழங்கியிருந்தது. 2025 செப்டெம்பரில் பரிகாரம் கூறிய நீதிமன்றம் நிறுவனத்தைப் பிரிக்க மறுத்தது. பிறரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்து, சில தேடற்றரவுகளைப் போட்டியாளர்க்கு வழங்கப் பணித்தது. பணங்கொடுத்தலை முற்றாகத் தடுத்திலது.

இவ்விரு வழக்குகளையும் ஒப்புநோக்குவார்க்கு, குற்றத்தைக் காண்டலினும் பரிகாரங் காண்டல் அரிது என்பது புலனாகும். சிறு முதலோடு நாளை வரும் ஒருவன் அங்காடியுள் நுழையக் கூடுமாயின், அன்றே அச்சட்டம் வென்றதாகும்.